ஏற்காட்டிலிருந்து ஓடி இறங்கிய சித்திக்கு

அன்புள்ள சித்தி,

தொடை வலி தாங்காமல் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறீர்கள் என்று சித்தப்பா போனில் சொன்னபோது சிரித்துவிட்டேன், கோபிக்காதீர்கள். சேலத்தில் மூக்கனேரி ஏரிக்கரையில் சமதரையில் ஓடிப் பழகுகிறவர், ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போய், 'இறக்கம்தானே' என்று ஓடி இறங்கினால் வேறென்ன ஆகும்? மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு மட்டும் 20. பாதியில் நிறுத்தினீர்களே, அதுவே புண்ணியம்.

ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும். ஆனால் தசையைப் புண்ணாக்குவதில் இறக்கம்தான் மோசம். இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டி மடங்கிச் சரிந்துவிடாமல் தொடையின் முன்பக்கத் தசை இழுத்துப் பிடிக்கிறது. பிடித்துக்கொண்டே நீளவும் வேண்டும். மலையிறங்கும் பஸ்ஸில் பிரேக் படும் பாடுதான். இதில் தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சேதம் ஏற்படுகிறது, உடம்பு அதைச் சரிசெய்யும்போது வலியும் இறுக்கமும் வருகின்றன. ஓடிய அன்று ஜம்மென்று இருந்துவிட்டு, மறுநாள் ஆரம்பித்து இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போவது இதனால்தான்.

தசையில் லாக்டிக் ஆசிட் தேங்கித்தான் இந்த வலி, எலுமிச்சை ஜூஸ் குடித்தால் போய்விடும் என்று சித்தப்பா சொல்லும் கதையை விடுங்கள். ஓடும்போது உடம்பில் கூடுகிற லாக்டேட் (அவர் லாக்டிக் ஆசிட் என்று சொல்வது இதைத்தான்), நின்ற ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் வரும் வலிக்கு அதன்மேல் பழி போட முடியாது. எலுமிச்சை ஜூஸ் தாராளமாகக் குடியுங்கள், வெயிலுக்கு நல்லது. அவ்வளவுதான்.

அப்புறம் உங்கள் ஜிம் மாஸ்டர். 'முள்ளை முள்ளால் எடுக்கணும், இன்றைக்கும் ஓடுங்க' என்றாராம். அவர் சொல்வதில் பாதி சரி. ஒரு தடவை இப்படி அடிபட்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை இவ்வளவு வலியில்லாமல் தாங்கும். ஆனால் முதலில் அது ஆற வேண்டுமே! இப்போது தொடையில் பலமும் குறைவாகத்தான் இருக்கும், தடுக்கி விழுந்தால் என்ன செய்வீர்கள்? மெதுவாக நடங்கள். நடக்க நடக்க வலி கொஞ்சம் இளகும். வெந்நீர், நல்லெண்ணெய் தேய்ப்பு எல்லாம் இதமாக இருக்கும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு மட்டும் ஓடாதீர்கள். நிறுத்தச் சொல்லும் வலியே தெரியாமல் போய்விடும், சிறுநீரகத்துக்கும் சுமை.

இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி மந்தமாக வலித்தால் கவலை வேண்டாம். ஒரே இடத்தில் குத்தினால், மூட்டு வீங்கினால், ஒரு வாரம் ஆகியும் குறையாவிட்டால் டாக்டரிடம் போங்கள். சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தசை அளவுக்கு மீறி சிதைந்து சிறுநீரகத்தைத் தொடுகிறது என்பதற்கு அது அடையாளம்.

வலி வந்தால்தான் பயிற்சி பலித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்த மாதம் நான் ஊருக்கு வரும்போது அடிவாரத்திலிருந்து நாலைந்து வளைவு மட்டும், ஏறிப் பார்ப்போம். இறங்குவதற்குச் சித்தப்பாவை வண்டி எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவையுங்கள். என்னை ஏற்றுவதற்கு வேறு யாரையாவது பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்