அப்பா கால் சரியாகுற வரைக்கும் பார்க்க

அன்புள்ள அப்பா, அம்மா, தம்பிக்கு,

ஒரத்தநாட்டு அண்ணன் லீவு முடிஞ்சு புதன்கிழமை ராத்திரி இங்க சிங்கப்பூர் வந்து சேர்ந்துட்டாரு. மோர்மிளகா, வடகம், எள்ளுப்பொடி எல்லாம் பத்திரமா வந்துச்சு. எண்ணெய் பாட்டில் மட்டும் லேசா கசிஞ்சு அவரோட ரெண்டு சட்டை போச்சு, அவரு ஒண்ணும் சொல்லலை. கூடவே அப்பா எழுதுன லெட்டர். அளவு நோட்டுல கிழிச்ச பேப்பர்னு பார்த்ததுமே தெரிஞ்சுது, பின்பக்கம் யாரோட சட்டை அளவோ இருந்துச்சு, சோல்டர் 18, காலர் 15½ன்னு. அதையும் சேர்த்து நாலு தடவை படிச்சேன். நான் லெட்டர்னு எழுதி ரெண்டு வருஷம் ஆச்சுப்பா, தப்புதான். போன்ல தினம் பேசுறோம்னு பேரு, சாப்பிட்டியா தூங்குனியான்னு கேட்டு முடியறதுக்குள்ள யாராவது கூப்பிடுறாங்க, மனசுல இருக்கறது எதுவும் வர மாட்டேங்குது.

கால் எப்படி இருக்கு? டாக்டர் மூணு மாசம்னா மூணு மாசம்தான்ப்பா. ராடு வச்ச காலோட மெஷினை மிதிக்கப் பார்த்தீங்கன்னு தம்பி சொன்னான், எனக்கு இங்க கை நடுங்கிருச்சு. தீபாவளித் துணியெல்லாம் கடைப் பையன் தைக்கட்டும், நீங்க வெட்டி மட்டும் குடுங்க, அதுவும் உக்காந்துக்கிட்டே.

டிவியில படமா கொட்டிக் கிடக்கு, எதைத் தொட்டாலும் வெட்டுக்குத்தா இருக்கு, பார்க்குற மாதிரி நாலு படம் எழுதி அனுப்புன்னு கேட்டிருந்தீங்க. நீங்க என்கிட்ட கேட்ட முதல் உதவியே இதுதான், அதனால யோசிச்சு யோசிச்சு எழுதுறேன்.

முதல்ல தம்பிக்கு. டேய், அப்பாவுக்குன்னு தனியா ஒரு ப்ரொஃபைல் போட்டுக் குடு. பாப்பா பார்க்குற கார்ட்டூனும் நீ பார்க்குற சண்டைப் படமும் ஒண்ணாக் கிடந்தா அப்பாவுக்கும் அதையேதான் காட்டிக்கிட்டு இருக்கும். நாலு பழைய படம் தனியாப் பார்த்துட்டாருன்னா அப்புறம் அதுவே அந்த மாதிரி எடுத்து வைக்கும். உன் போன் ஹாட்ஸ்பாட்லதான ஓட்டுறீங்க, ஹெச்டியில வச்சா ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரைக்கும் இழுத்துரும், செட்டிங்ஸ்ல போயி டேட்டா சேவர் போடு, அந்த டிவிக்கு அது போதும். அப்புறம் படம் இதுலதான் இருக்குன்னு நான் எழுத முடியாது, அவங்க கொஞ்ச வருஷத்துக்குத்தான் உரிமை வாங்குறாங்க, முடிஞ்சா இன்னொரு ஆப்புக்குப் போயிரும். நாட்டுக்கு நாடு உரிமையும் வேற, எனக்கு இங்க காட்டுற படம் உங்களுக்கு அங்க இருக்காது. ரிமோட்ல மைக் பட்டனை அமுக்கி அப்பாவையே படத்து பேரைச் சொல்லச் சொல்லு, எங்க இருக்குன்னு அதுவே காட்டும்.

அம்மாவுக்கு தில்லானா மோகனாம்பாள். 1968 படம்மா, நீ பாட்டெல்லாம் ரேடியோவுல கேட்டிருப்ப, முழுசா உக்காந்து பார்த்திருக்க மாட்ட, அடுப்படியில இருந்து எட்டி எட்டித்தான் பார்த்திருப்ப. சிக்கல் சண்முகசுந்தரம், திருவாரூர் மோகனாம்பாள், ரெண்டு ஊரும் நமக்குத் தெரிஞ்ச ஊரு, உன் பொறந்த ஊருப் பக்கம். சிவாஜி வாயில வச்சிருக்கற நாயனத்தை உள்ளபடி வாசிச்சது மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள். ஆனா கன்னம் உப்புறதுல இருந்து மூச்சு எடுக்கறது வரைக்கும் பார்த்தா அவருதான் வாசிக்கிறாருன்னு கோயில்ல சத்தியம் பண்ணலாம். பக்கத்துல பாலையா தவில். அதைப் பார்க்கும்போது எனக்கு நம்ம மன்னார்குடி பங்குனித் திருவிழாதான் ஞாபகம் வந்துச்சு, 18 நாளும் நாயனச் சத்தத்துலதான் முழிப்போம், வெண்ணெய்த்தாழி அன்னைக்கு அப்பா தோள்ல உக்காந்து வெண்ணெய் வீசுனது எல்லாம். இந்த வருஷம் வெண்ணெய்த்தாழி அன்னைக்கு நான் ஒரு ஆபீஸ்ல ஏர்கான் மாட்டிக்கிட்டு இருந்தேன்.

அப்பாவுக்கு நினைத்தாலே இனிக்கும். 1979ல வந்தது, நீங்க திருத்துறைப்பூண்டி கடையில காஜா எடுத்துக்கிட்டு இருந்தப்ப பார்த்ததுன்னு சொல்லிருக்கீங்க. படம் வந்து ஒரு மாசத்துல ஊர்ல பாதிப் பேரு அந்த பெல்பாட்டத்தையும் நாய்க்காது காலரையும் கேட்டு வந்தாங்கன்னு நீங்க சொன்ன கதை எனக்கு மனப்பாடம். பாலச்சந்தர் இங்க சிங்கப்பூர்லயே வந்து எடுத்தது. நான் ஃப்ளைட் ஏறுன அன்னைக்கு திருச்சி வரைக்கும் வேன்ல அந்தப் படத்துப் பாட்டைத்தான் பாடிக்கிட்டு வந்தீங்க. போன மாசம் திரும்பப் பார்த்தேன்ப்பா. படத்துல இருக்கற ரோட்டுல எது இப்ப எதுன்னு என்னால கண்டுபுடிக்க முடியலை, நான் வேலைக்குப் போற பக்கமெல்லாம் அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கிற கட்டடம். ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் புடிக்கிற பந்தயம் இருக்கே, அதை இப்ப பார்த்தாலும் நெஞ்சு அடிச்சுக்குது. நீங்க பார்த்துட்டு சட்டையெல்லாம் எப்படித் தைச்சிருக்காங்கன்னு எனக்கு எழுதுங்க.

முள்ளும் மலரும் நல்ல படம்தான், மகேந்திரன் படத்துல எனக்கு ரொம்பப் புடிச்சது, அண்ணன் தங்கச்சி கதை. ஆனா அதுல விஞ்ச்ங்கற இழுவை மெஷின் ஓட்டுற அண்ணனுக்குக் கை போயிரும், வேலையும் போயிரும். காலைக் கட்டிக்கிட்டு படுத்திருக்கும்போது அது வேண்டாம்ப்பா. கால் ஊனி நடந்ததும் பாருங்க. தம்பி, நீ லப்பர் பந்து பாரு, நம்ம தெப்பக்குளத்துப் பக்கத்து மேட்ச் மாதிரியே இருக்கு. மாமனாரு ஆகப்போறவரும் மருமகனும் கிரவுண்டுல முறைச்சுக்கிறது, வீட்டுல எல்லாருமே உக்காந்து பார்க்கலாம்.

நான் எப்ப இவ்வளவு படம் பார்க்குறேன்னு அம்மா கேப்ப. இப்ப ஞாயித்துக்கிழமை ரெஸ்ட்டு குடுக்குறாங்கம்மா, சனிக்கிழமையும் சீக்கிரமே விட்டுடுறாங்க, உடம்புக்கு நல்லதுதானே. எங்க வீட்டுல அஞ்சு பேரு, ஞாயித்துக்கிழமை சமையல் என் முறை. தேக்கா மார்க்கெட்டுக்குப் போனா முருங்கைக்கா, சின்ன வெங்காயம், மண்ணோட வாழைத்தண்டு வரைக்கும் கிடைக்குது. வஞ்சிர மீனை இங்க தெங்கிரின்னு சொல்றாங்க, மலாய்ப் பேரு. நேத்து உன் வடகத்தைத் தாளிச்சு வத்தக்குழம்பு வச்சேன், வாசனை காரிடார் பூரா போயிருச்சு, பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி மூக்கைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க.

அவங்களைப் பத்தி அம்மாகிட்ட ஒரு தடவை சொல்லிருக்கேன். எழுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும், தனியா இருக்காங்க, புள்ளைங்க வேற பக்கம். சாயங்காலம் ஏழு மணியானா காரிடார்ல பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உக்காந்துருவாங்க. நான் காத்துக்காக கேட்டைத் திறந்து வச்சு வாசல்லயே லேப்டாப்ல படம் பார்ப்பேன், அவங்க நாற்காலியை இன்ச் இன்ச்சா நகர்த்தி எங்க கேட்டு வரைக்கும் வந்துட்டாங்க. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவங்க பேசுறது ஹொக்கியன்னு ஒரு சீன மொழி, அது எனக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் பத்து பதினஞ்சு மலாய் வார்த்தை தெரியும், அதுலதான் எங்க பேச்சு. மோகனாம்பாள் நாயனப் போட்டிக்கு அவங்க முழங்கால்ல தாளம் போட்டாங்கம்மா.

அவங்களோட உக்காந்து பார்த்ததுலதான் அப்பாவுக்கு நான் முக்கியமா எழுத நினைச்ச படம் வருது. வீடு. பாலு மகேந்திரா எடுத்தது, 1988. பாட்டே கிடையாது, சண்டை கிடையாது, ஒரு பொண்ணு தாத்தாவையும் தங்கச்சியையும் வச்சுக்கிட்டு மெட்ராஸ்ல ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்குது, அவ்வளவுதான் கதை. ஆபீஸ்ல லோன் கேக்கறது, பிளானுக்கு அப்ரூவல் வாங்க அலையறது, கான்ட்ராக்டர் சிமெண்ட்ல கை வைக்கிறது, அதை ஒரு சித்தாள் பொண்ணு தைரியமா வந்து சொல்றது, எல்லாமே நம்ம வீட்டுல இப்ப நடக்குற மாதிரியே இருக்கு. அர்ச்சனாவுக்கு அதுக்குத்தான் தேசிய விருது குடுத்தாங்க. தாத்தாவா வர்றவரு சொக்கலிங்க பாகவதர், நாடகத்துல இருந்து வந்தவரு, அவரு தனியா பாதி கட்டுன வீட்டைப் பார்க்கப் போற இடம் ஒண்ணு இருக்கு. சுவத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாரு. சீன ஆன்ட்டி எழுந்து நின்னுட்டாங்கப்பா. திரையைக் காட்டி ரூமா, ரூமான்னாங்க, மலாய்ல வீடுன்னு அர்த்தம். நான் எங்க அப்பாவும் ரூமா கட்டுறாருன்னு எப்படியோ சொல்லிப் புரிய வச்சேன், போன்ல லிண்டல் மட்டம் வந்த போட்டோவைக் காட்டுனேன். அன்னையில இருந்து தினமும் லிஃப்டுகிட்ட பார்த்தா கேக்குறாங்க, ரூமா சுடா? வீடு முடிஞ்சுதான்னு. பெலும் ஆன்ட்டி, இன்னும் இல்லைன்னு சொல்லிட்டு வேலைக்குப் போறேன்.

அந்தப் படத்துல ரெண்டு மனையில ஒண்ணை வித்துட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறாங்க. முடிவு என்னன்னு நான் எழுத மாட்டேன், நீங்களே பாருங்க, பார்த்துட்டு அப்புறம் வாய்க்கா பக்கத்து மனையைப் பத்திப் பேசலாம். லெட்டர்ல கடைசியா ரெண்டே வரியில அதை எழுதிருந்தீங்க, அத்தை வீட்டு மாமா நல்ல விலை சொல்றாரு, வித்துட்டா ரூஃப் போட்டு பூச்சு வேலை வரைக்கும் முடிச்சுரலாம்னு. வேண்டாம்ப்பா. அது நீங்க மூணு தீபாவளி கண் முழிச்சு தைச்ச காசுல வாங்குனது.

மெய்யழகன் வந்தப்ப எல்லாரும் தியேட்டருக்குப் போனீங்க, அப்பா மட்டும் கடையில வேலைன்னு போகலை. இப்ப பாருங்க, 2024ல வந்தது. தஞ்சாவூர்ல சொந்த வீடு பங்காளித் தகராறுல கையை விட்டுப் போயி, குடும்பத்தோட மெட்ராஸ் போனவரு 22 வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வர்றாரு. வந்த இடத்துல ஒருத்தரு அத்தான் அத்தான்னு சுத்திச் சுத்தி வர்றாரு, அவரு பேரு என்னன்னே இவருக்கு ஞாபகம் இல்லை. ராத்திரி முழுக்க அந்த வீட்டுல தங்கிட்டு, கேக்க வெக்கப்பட்டு விடியறதுக்குள்ள சொல்லாமக் கிளம்பிருவாரு. நான் அதை ராத்திரி ஒரு மணிக்கு போர்வைக்குள்ள ஹெட்செட் போட்டுப் பார்த்தேன். அங்க அப்ப பத்தரை, நீங்க எல்லாரும் படுத்திருப்பீங்க. நீடாமங்கலம் ரயில்வே கேட்ல பஸ் நிக்கும்போது நீங்க எனக்கு வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தருவீங்களே, கேட்டு திறக்கற வரைக்கும் அந்த உப்பு மிளகாத்தூளோட. அதுதான்ப்பா ஞாபகம் வந்துச்சு. படம் முடிஞ்சு அரை மணி நேரம் நம்ம தெருவுல ஒவ்வொரு வீடா யாரு யாரு இருக்காங்கன்னு பேரு சொல்லிப் பார்த்தேன். கிழக்கால கடைசி வீட்டுப் பாட்டி பேரு வரலை. காலையில வரைக்கும் வரலை. அம்மா, அவங்க பேரு என்னன்னு எழுது.

சிங்கப்பூர்லயே எடுத்த படம் ஒண்ணு இருக்கு, இலோ இலோ, 2013ல கான் விழாவுல முதல் படத்துக்கான பரிசு வாங்குனது. 1997ல நடக்குற கதை, வேலை போற பயத்துல ஒரு சீனக் குடும்பம், அந்த வீட்டுப் பையனைப் பார்த்துக்க தன் கைக்குழந்தையை ஊர்ல விட்டுட்டு வர்ற பிலிப்பைன்ஸ் பொண்ணு. நான் இருக்கற வீடு எப்படி இருக்கும்னு தெரியணும்னா தம்பி நீ பாரு. அம்மா, நீ அதைப் பார்க்க வேண்டாம். நல்ல படம்தான், ஆனா நீ பார்க்க வேண்டாம்.

இப்ப வீட்டு விஷயம். மனையை விக்கிற பேச்சை மாமாகிட்ட தை வரைக்கும் எடுக்காதீங்க. இந்த மாசப் பணம் பத்து நாள் தாமதமாகும், சிங்கப்பூர் டாலர் ரேட்டு இன்னும் கொஞ்சம் ஏறட்டும்னு பார்க்குறேன், வேற ஒண்ணும் இல்லை. சீட்டுப் பணம் மட்டும் தம்பி இந்தத் தடவை கட்டிரட்டும், நான் சேர்த்து அனுப்புறேன். கம்பிக் கடைக்காரருகிட்ட நான் போன்ல பேசிட்டேன், மழைக்கு முன்னாடி சென்ட்ரிங் அடிக்க வேண்டாம், நின்ன வேலை நிக்கட்டும், லிண்டலுக்கு மேல கம்பி நீட்டிக்கிட்டு இருக்கறதை மட்டும் சிமெண்ட் பால் அடிச்சு வைக்கச் சொல்லுங்க, துரு ஏறிரும். கொத்தனாருக்கு இனிமே அட்வான்ஸ் கேட்டா நோட்டுல கையெழுத்து வாங்காமக் குடுக்காதீங்க. மனைக்கும் வீட்டு இடத்துக்கும் வில்லங்கம் போட்டு, பட்டா அப்பா பேருக்கு மாறியிருக்கான்னு தம்பி நேர்ல போயி பார்த்துட்டு வரணும், ஆன்லைன்ல பார்த்தேன்னு சொல்லக்கூடாது. ஏன்னு வீடு படம் பார்த்தா தெரியும்.

அக்காவுக்குத் தனியா எழுதுறேன். பாப்பா காதுகுத்துக்கு மாமா முறைக்கு நான் இல்லாம நடத்த வேண்டாம்னு சொல்லுங்க, சித்திரையில வரப் பார்க்குறேன். அம்மா அடுத்த தடவை எண்ணெய் குடுத்து விடாத, எள்ளுப்பொடி மட்டும் போதும்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அங்க நாலரை, இங்க ஏழு. அந்த நேரத்துல நீங்க வீடு போடுங்கப்பா, நானும் இங்க போடுறேன். தம்பி போனை ஸ்பீக்கர்ல வச்சு டிவி பக்கத்துல வைடா, ஆன்ட்டியும் இருப்பாங்க.

இப்படிக்கு,
உங்கள் மகன்