அந்த எண் யாருடையது என்று கேளுங்கள்

கம்பம், குமுளி, கட்டப்பனை வட்டாரத்தில் நோயாளிகளை மொபைல் ஆப்புக்குள் கொண்டுவந்திருக்கும் மருத்துவமனை, லேப் நிர்வாகத்தாருக்கும், அந்த ஆப்களை நடத்தும் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். கம்பத்தில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். ஆப்பில் பதிவு பண்ணிவிட்டு வாங்க என்று உங்கள் கவுண்டரில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் நேரே என் கடைக்குத்தான் வருகிறார்கள். பெரும்பாலும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள். விடியும் முன்னே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு பக்கம் போய், பொழுது சாய இறங்குகிறவர்கள். பெயர், வயது, உடம்புக்கு என்ன என்று அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன். ஓடிபி மகன் போனுக்குப் போகும். அவனைக் கூப்பிட்டுக் கேட்டு அதையும் நானே போடுகிறேன். கடைசியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் அடிப்பதும் என் விரல்தான். உங்கள் சர்வரில் அது அந்த அம்மாவின் சம்மதமாகப் பதிவாகிவிடுகிறது.

எனக்கு இதில் நாலு காசு வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வருமானத்துக்கு நானே உலை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஆப்பே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தேனி மெடிக்கல் காலேஜில் பார்த்த ரிப்போர்ட்டைக் கோட்டயம் மெடிக்கல் காலேஜில் கேட்கிறார்கள். மஞ்சப்பையில் காகிதக் கட்டைச் சுமந்து, இடுக்கி மழையில் நனையாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற பாடு அவர்களுக்குத்தான் தெரியும். போனிலேயே இருந்தால் நல்லது என்றுதான் நினைக்கிறார்கள். “டாக்டர்கிட்ட என்னத்தை மறைக்கப் போறோம்? ஜீப்புல தெரியக்கூடாது, அவ்வளவுதான்” என்று ஒரு அம்மா சொன்னார். இங்கே வருகிற நோயாளிகளின் கருத்தைக் கேட்டால் அநேகமாக இதுதான் கிடைக்கும்.

உங்கள் அறிக்கைகளோ என்கிரிப்ஷனைப் பற்றியும் ஹேக்கரைப் பற்றியும் பேசுகின்றன. பேச வேண்டியதுதான். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கிப்போனதையும், 2023 ஜூனில், கொரோனா தடுப்பூசிக்காகக் கோவின் தளத்தில் கொடுத்த விவரங்கள் டெலிகிராமில் கிடைப்பதாகச் செய்தி வந்ததையும் மறக்க முடியாது. ஆனால் எங்கள் பக்கத்து நோயாளிக்குப் பயம் ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. டிபி என்று தெரிந்தால் ஜீப்பில் பக்கத்தில் உட்கார ஆள் வராது. தூக்கமில்லை என்று மனநல டாக்டரைப் பார்த்தது வெளியே தெரிந்தால் மகளுக்கு வந்த வரன் தட்டிப்போகும். கர்ப்பம் என்று கங்காணிக்கு முன்கூட்டியே தெரிந்தால் மறுநாள் வேலை இருக்குமா என்பது சந்தேகம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண்ணிடம் இருப்பது பட்டன் போன். லேப்பில் வாட்ஸ்அப் நம்பர் கேட்டதும், ஜீப் டிரைவரின் நம்பரைக் கொடுத்திருக்கிறார். அந்தப் படிவத்தில் எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அது யாருடைய எண் என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை. கர்ப்பப்பையில் கட்டி என்ற பிடிஎஃப் பெயரோடும் வயதோடும் டிரைவருக்குப் போனது. அவருக்கு அப்புறம்தான் அந்தப் பெண்ணுக்கே தெரியும். டிரைவர் தங்கமான மனுஷன், தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். டிரைவர் நல்லவராக அமைவதை நம்பித்தான் உங்கள் பாதுகாப்பு ஏற்பாடு ஓடுகிறதா?

மாத்திரை நினைவூட்டல் இன்னொரு தொல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு போன். பையன் கேம் ஆடிக்கொண்டிருக்கும்போது மருந்தின் பெயரோடு திரைக்கு மேலே வந்து நிற்கிறது. ‘மாத்திரை நேரம்’ என்று மட்டும் காட்டினால் என்ன குறைந்துவிடும்? உள்ளே போக ஒரு பின் நம்பர் வைக்க எத்தனை நாள் ஆகும்?

சட்டம் தெரியாமல் பேசுவதாக நினைக்க வேண்டாம். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். டெலிமெடிசின் ஆப் ஒன்று, போனில் உள்ள தொடர்பு எண்களைப் பார்க்கவும் அனுமதி கேட்கிறது. அதை இறக்கிக்கொண்ட பெண்ணும் சரி என்கிறாள். சிகிச்சைக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை, ஆகவே அதற்கு அந்தச் சம்மதம் செல்லாது என்கிறது சட்டம். உங்களில் சிலருடைய ஆப் இன்னமும் தொடர்பு எண்களைக் கேட்கிறது. ரத்தப் பரிசோதனைக்கும் என் கடைக்கு வந்தவரின் நாத்தனார் நம்பருக்கும் என்ன சம்பந்தம்?

அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் அறிவிப்பைப் படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அட்டவணையில் தமிழும் உண்டு. மலையாளம் நன்றாகப் பேசுவோம், படிக்கத்தான் வராது; அதனால் மலையாள அறிவிப்பு எங்களுக்குப் போதாது. 2025 நவம்பரில் வந்த விதிகள் முக்கியக் கடமைகளுக்கு 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கின்றன. நோயாளிகளின் விவரம் இன்றைக்கே உங்களிடம் இருக்கிறது. அதற்கு அவகாசம் கிடையாது. கொரோனா விவரங்களைக் கேரள அரசு ஸ்பிரிங்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் கொடுத்த விவகாரம் கேரளத்தில் இருப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020 ஏப்ரலில், கொரோனா நடுவிலேயே, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுத்தான் நிறுவனத்திடம் தர வேண்டும், மக்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. அத்தனை அவசரத்திலும் அதைச் செய்யச் சொன்னார்கள் என்றால், சாதாரண நாளில் உங்களுக்கு என்ன தடை?

மருத்துவ ரிப்போர்ட்டுகளை இணைக்க மத்திய அரசு தரும் ஆபா எண்ணும் அப்படித்தான். அந்த 14 இலக்க எண் விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்வது. அது இல்லாமல் டோக்கன் கிடையாது என்று கவுண்டரில் சொல்ல வேண்டாம். வேண்டாம் என்பவருக்கு ரிப்போர்ட்டைக் காகிதத்திலேயே கொடுங்கள். போன் இன்னொருவருடையது என்றால் ‘ரிசல்ட் தயார், நேரில் வாங்கவும்’ என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சம்மத வாசகத்தைத் தமிழில் ஒலியாக வையுங்கள். என் வாய்வழியாக அவர்கள் அதைக் கேட்க வேண்டியதில்லை.

குறை சொல்ல ஒரு போன் நம்பரும் வேண்டும். தமிழ் பேசுகிறவர் எடுக்க வேண்டும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும் எடுக்க வேண்டும். அதற்கு முன் அவர்கள் மலை இறங்குவதில்லை.

இப்படிக்கு,
கம்பத்திலிருந்து ஒரு பிரவுசிங் கடைக்காரர்