வசூலுக்கு ஆள் வருகிறது, வழி சொல்ல ஆளில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

காசிமேட்டில் கூடை மீன் விற்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. குழுக் கடன் தவணைக்கு மட்டும் தடைக்காலமே கிடையாது. ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்காத வீடு எங்கள் தெருவில் அபூர்வம்.

இந்தக் குழுக் கடன் போன்ற நுண்கடன் வாங்கியவருக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் போட்டுப் பணம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போகிற அளவுக்குக் கடன் கொடுக்கவும் கூடாதாம். கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் சொல்லித்தான் எனக்கே தெரியும். தெரிந்து என்ன, ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் நின்று கத்துகிறவரிடம் விதி பேச முடியுமா?

கந்துவட்டியைத் தடுக்க 2003லேயே சட்டம் வந்துவிட்டது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100க்கு போன் செய்து கேட்கலாம். இதையெல்லாம் எங்கள் பக்கம் யாரும் எழுதி ஒட்டவில்லை. தங்கநகைக் கடன் விளம்பரம் மட்டும் கம்பத்துக்குக் கம்பம் தொங்குகிறது.

இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தை ஏற்றித் தருகிறார்கள், சரி. ஆனால் எந்தக் கடனை முதலில் அடைப்பது, பக்கத்து வீட்டு அம்மாவுக்கு விதவை உதவித்தொகை கிடைக்குமா, என்னென்ன காகிதம் வேண்டும் என்று உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் வார்டு அலுவலகம்தோறும் வாரம் ஒருநாள் அப்படி ஒருவரை மாநகராட்சி உட்கார வைக்கலாம். மதியம் இரண்டு மணிக்கு மேல் வைத்தால் நல்லது. காலையில் நாங்கள் மீனோடு இருப்போம்.

ஒரு மீன் வியாபாரி,
காசிமேடு, சென்னை