பெண்கள் கூடுகையை நிறுத்த வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்தோத்திரம். வாரநாள் பெண்கள் கூடுகைக்கு ஆள் குறைந்துவிட்டது, அதை ஞாயிறு ஆராதனையோடு சேர்த்துவிடலாம் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஆள் குறைந்தது உண்மைதான். மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் வேலைக்குப் போகிற பெண்கள் எப்படி வருவார்கள்? அதற்காகக் கூடுகையே வேண்டாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாடுகிறோம், பிரசங்கம் கேட்கிறோம், அடுப்பை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு ஓடுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு என்ன பாரம் என்று தெரிவதில்லை. வாரநாளில் கூடுகிற நம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபக் குறிப்பு கேட்கும்போதுதான் அது வெளியே வருகிறது. கட்டிக்கொடுத்த மகளுக்குப் போன இடத்தில் நிம்மதியில்லை என்பார் ஒருவர். குழுக் கடனுக்குத் தவணை கட்ட வழியில்லை என்பார் இன்னொருவர். மார்பில் கட்டி மாதிரி இருக்கிறது, வீட்டில் சொல்லப் பயமாயிருக்கிறது என்பதை எல்லாரும் எழுந்து போனபிறகு சொல்கிறவர்களும் உண்டு. ஆண்கள் இருக்கிற இடத்தில் இதையெல்லாம் யார் வாய் திறந்து சொல்வார்கள்? ஜெபித்ததோடு விடுவதும் இல்லை. ஒருத்தி ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவாள், இன்னொருத்தி அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப் போடுவாள்.

வேதத்திலும் இதைப் பார்க்கிறோம். இயேசுவின் தாய் மரியாள் தன் உறவினளான எலிசபெத்தின் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள். பிலிப்பியில் பவுல் ஆற்றங்கரையில் பேசியது அங்கே கூடிவந்திருந்த பெண்களோடுதான். இரத்தாம்பரம் என்னும் ஊதாநிறத் துணி விற்ற லீதியாள் அங்கேதான் விசுவாசியானாள். யோப்பாவில் தொற்காள் இறந்தபோது விதவைகள் அவள் தைத்துக்கொடுத்த உடுப்புகளைக் காட்டி அழுதார்கள். ஒருத்தியின் கைவேலை எத்தனை வீடுகளைத் தாங்கியிருக்கிறது, பாருங்கள்.

நம் பக்கத்துச் சரித்திரமும் சும்மா இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகர்கோவிலில் மிஷனெரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களை உட்காரவைத்து லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகளும் பிஷப் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா கால்டுவெல் இடையன்குடியில் அதையே செய்தார். அந்தக் கூலியைச் சேர்த்துவைத்துத் தங்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக்கொண்ட பெண்கள் நாகர்கோவில் பக்கம் இருந்திருக்கிறார்கள்.

இன்று நம் சபைகளில் சங்கத்துக்கு என்ன மரியாதை? அசனம் என்கிற சபை விருந்துக்குக் காய் நறுக்க, ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் பலகாரம் சுட, காணிக்கைக் கவர் கொடுத்து வாங்க நாங்கள் வேண்டும். சந்தோஷமாகச் செய்கிறோம். ஆனால் வேதபாடத்துக்குப் புத்தகம் வாங்கவோ, ஒரு விதவைக்கு அவசர உதவி செய்யவோ பணம் கேட்டால் கமிட்டி யோசிக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சபையில் வாய் திறந்து ஜெபிக்கக் கூச்சப்பட்ட எத்தனையோ பெண்கள் இந்தக் கூட்டத்தில்தான் முதன்முதலாகச் சத்தமாக ஜெபித்து, பிறகு பாடம் நடத்தி, பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் கமிட்டித் தேர்தலிலேயே நின்றிருக்கிறார்கள். கூட்டத்தை மூடினால் அடுத்து வருகிற பெண்கள் எங்கே பழகுவார்கள்?

மார்ச் முதல் வெள்ளியன்று வருகிற உலக ஜெப நாளையும் சொல்ல வேண்டும். 1927 முதல் உலகெங்கும் அனுசரிக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் ஆராதனை முறைமையை எழுதித் தருகிறார்கள். 2024-இல் பாலஸ்தீனப் பெண்கள், 2025-இல் குக் தீவுகளின் பெண்கள். சபைப் பிரிவு பார்க்காமல் எல்லாப் பெண்களும் சேர்ந்து ஜெபிக்கிற நாள் அது. உள்ளூர்ச் சங்கம் இல்லாத இடத்தில் அந்த நாளை யார் எடுத்து நடத்துவார்கள்?

ஆகவே நேரத்தை மாற்றுங்கள். எங்கள் தெருவில் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு வீடுகளில் கூடுகிறோம். கைக்குழந்தையோடும் வரலாம், குழந்தை அழுதால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு மட்டும் இந்த நேரமும் ஒத்துவரவில்லை, ஒன்பது மணிக்குமேல்தான் கடையில் விடுகிறார்கள். அவர்களுக்காக வேறு சபைகளில் ஏதாவது ஏற்பாடு செய்திருந்தால் அதை அடுத்த இதழில் எழுதும்படி சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தூத்துக்குடி மாவட்டம்