நாற்பத்து மூன்று வீடுகளின் பட்டியல்

வன்னித் தேர்தல் மாவட்டத்தில் வேலை செய்யும் எல்லாக் கட்சிகளின் அமைப்பாளர்களுக்கும், அவர்களுக்காகக் கணினிக்கு முன்னால் இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கத்து ஊர் ஒன்றில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் எழுதுகிறேன். 2024 தேர்தலுக்குக் கொஞ்சம் முன், கோழிக்குஞ்சு தருகிறோம் என்று ஓர் இடத்திலிருந்து விபரம் கேட்டார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம், குடும்பத்துக்குத் தலைவர் ஆணா பெண்ணா. 43 வீட்டு விபரத்தையும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். குஞ்சு வந்தது, பொய் சொல்லக் கூடாது.

அப்புறம் வட்ஸ்அப்பில் ஒரு வேட்பாளரின் குரலும் வந்தது. 43 பேருக்கும் வரவில்லை. பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று நான் சரி அடையாளம் போட்ட 17 பேருக்கு மட்டும். தனியே நின்று பிள்ளை வளர்க்கிற எங்கள் கஷ்டம் தனக்குத் தெரியும் என்றார். பட்டியல் எங்கே கை மாறியது என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆகவே யாருடைய பெயரையும் இங்கே சொல்லவில்லை. ஆனால் அந்த அடையாளத்தைப் போட்டது என் பேனை.

அடையாள அட்டை இலக்கத்தை நாங்கள் கேட்ட இடத்தில் எல்லாம் சொல்லிவிடுகிறோம். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். கடைசியில் ஆங்கில ‘வி’ இருந்தால் வாக்காளர். புதிய 12 இலக்க அட்டையில் பிறந்த ஆண்டு முழுதாகவே இருக்கிறது. யாருக்கு எத்தனை வயது என்று ஒருவரும் எங்களிடம் கேட்கத் தேவையில்லை. பேஸ்புக்கில் விளம்பரம் போடுகிறவருக்கு அதுகூட வேண்டாம். வரைபடத்தில் ஓரிடத்தைக் குத்தி, சுற்றிவர இத்தனை கிலோமீற்றர், இந்த வயதிலிருந்து இந்த வயதுவரை, பெண்கள் மட்டும் என்று தெரிவு செய்யலாம். கையில் போன் இலக்கப் பட்டியல் இருந்தால் அதை ஏற்றிவிட்டு, அந்த ஆட்களையும் அவர்களைப் போன்ற வேறு ஆட்களையும் தேடச் சொல்லலாம்.

(வட்டம் போடுகிற தம்பிக்கு ஒரு வார்த்தை. மாங்குளம் சந்தியை நடுவில் வைத்துப் பெரிதாகப் போட்டால் கிளிநொச்சிச் சனமும் உள்ளே வந்துவிடும். வன்னி என்று நாங்கள் சொல்லும் மண்ணில் அவர்களும் உண்டு, ஆனால் அவர்களின் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு. உங்கள் காசுதான் வீண்.)

செத்தவருக்கு எட்டாம் நாள் செய்யும் ஒரு எட்டுச்செலவு வீட்டில்தான் எனக்கு விசயம் விளங்கியது. பேசாலையிலிருந்து மச்சாள் குடும்பம் வந்திருந்தது. செட்டிகுளத்திலிருந்து, 77 கலவரத்தோடு மலையகத்தை விட்டு வந்த எங்கள் சம்பந்தி வீடும் வந்திருந்தது. வவுனியாவில் படிக்கிற என் மகனும் நின்றான். சாப்பிட்டுவிட்டுப் போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே வேட்பாளர், அதே சிரிப்பு. மச்சாளுக்கு, மன்னாரில் இனி ஒரு காற்றாலையும் வர விடமாட்டேன் என்கிறார். சம்பந்திக்கு, காணிக்கு உறுதிப் பத்திரம் எடுத்துத் தருவேன் என்கிறார். இருபது வயது மகனுக்கு, காற்றாலையால் வடக்கின் பொடியளுக்கு வேலை வரும் என்கிறார். இதில் எது உண்மையான ஆள்?

முன்பு சந்தியில் மேடை போட்டு ஒலிபெருக்கியில் சொல்வீர்கள். ஆதரவானவனும் கேட்பான், எதிரானவனும் கேட்பான், தேத்தண்ணிக் கடைக்காரரும் கேட்பார். அடுத்த ஊரில் மாற்றிச் சொன்னால் பேருந்தில் வந்தவர் கதையைக் கொண்டுவந்துவிடுவார். போனுக்குள் சொன்னதை அப்படி யாரும் கொண்டுவருவதில்லை. ஊருக்கு ஊர் வேறு குறை இருப்பதால் வேறு கதை பேச வேண்டியிருக்கும், அது சரி. நாயாற்றில் மீன்பிடிக்கிறவரிடம் வயல் கதை பேசச் சொல்லி நான் கேட்கவில்லை.

2018இல், தேர்தல் பிரசாரத்துக்கு ஆட்களின் தகவலைப் பாவித்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்ற நிறுவனத்தின் கதை உலகம் முழுக்க அடிபட்டது. பேஸ்புக்கில் ஆளின் குணத்தைச் சொல்லும் ஒரு கேள்விக்கொத்தில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2 இலட்சத்து 70 ஆயிரம் பேர். அவர்களின் நண்பர்கள் வழியாக 8 கோடி 70 இலட்சம் பேர் வரைக்கும் தகவல் போயிருக்கலாம் என்று பேஸ்புக்கே சொன்னது. அதை வாசித்தபோது எனக்குக் கோழிக்குஞ்சுப் படிவம்தான் ஞாபகம் வந்தது. ஒருத்தி எழுதிக் கொடுத்தாள், மற்ற 42 பேரும் போனார்கள்.

எங்கள் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒன்றுக்கென்று வாங்கிய விபரத்தை வேறொன்றுக்குப் பாவிக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவுச் சட்டப்படி, முடிவு வந்து 21 நாளுக்குள் வேட்பாளர் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் பதாகைக்கும் வாகனத்துக்கும் பக்கத்தில் போன் விளம்பரத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள், எந்த ஊருக்கு எவ்வளவு என்று. உங்கள் பக்கத்தில் எல்லா விளம்பரத்தையும் ஒரே இடத்தில் போடுங்கள், பேசாலைக்குச் சொன்னதை ஒட்டுசுட்டானும் பார்க்கட்டும். எங்கள் 17 பேரின் இலக்கங்கள் உங்களில் யாரிடம் இருக்கிறதோ அவர் அழித்துவிட்டு, அழித்தேன் என்று ஒரு வரி சங்கத்துக்கு எழுதட்டும்.

இந்த மாதமும் ஒரு படிவம் வந்தது, தையல் பயிற்சிக்காம். போன் இலக்கப் பெட்டியில் 43 பேருக்கும் என் இலக்கத்தையே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்