சுபாருவா, சிவிக்கா?

கல்லடி, மட்டக்களப்பு

அன்பின் மச்சான்,

நீ அனுப்பின படங்களைப் பார்த்தன். ரெண்டில எந்தக் காரை வாங்கலாம் எண்டு கேட்டிருந்தாய். சுபாரு இம்பிரேஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ், ஹொண்டா சிவிக் டைப்-ஆர், ரெண்டும் ஜப்பானுக்கு விட்ட மொடல், ரெண்டும் ரெண்டாயிரம் சீசீ. ஒற்றுமை அவ்வளவுதான்.

சுபாருவுக்கு ரேர்போ, புகை போற விசையால எஞ்சினுக்குள்ள காத்தைத் திணிக்கிற சாமான். 250 குதிரைவலு, இழுவை நிமிசத்துக்கு 3,600 சுற்றிலயே முழுசா வந்திரும். சிவிக்குக்கு 215, அதுவும் 8,000 சுற்றில. ஆறாயிரத்துக்குக் கீழ அது சும்மா ஒரு சிவிக். செங்கலடியால பதுளை ரோட்டில ஏறேக்க முன்னால லொறி நிண்டா, சுபாருவ மிதிச்சாப் போதும். சிவிக்கில ரெண்டு கியர் இறக்கோணும். ஆனா சிவிக் 200 கிலோ மட்டில பாரம் குறைவு, முன் சில்லுக்கு எல்.எஸ்.டி. (ஒரு சில்லு மட்டும் சும்மா சுத்தாமத் தடுக்கிற சாமான்) இருக்கு. வளைவில மூக்கை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு போறதப் பார்க்கோணும்!

சுபாருவ எடுக்கிறதெண்டா முதல்ல ரைமிங் பெல்ட் (வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கிற பட்டி) எப்ப மாத்தினது எண்டு கேள். ஒரு லட்சம் கிலோமீற்றர்தான் கணக்கு. அறுந்தா வால்வு பிஸ்டனில அடிக்கும். பில் இல்லாட்டி மாத்தேல்ல எண்டே எடு. பெல்ட்டோட டென்ஷனர் (இறுக்கிப் பிடிக்கிறது), ஐட்லர் (பெல்ட் ஓடுற உருளை), வோட்டர் பம்ப் எல்லாத்தையும் சேர்த்துத்தான் மாத்தோணும். மறுகா நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (காத்தை அமுக்கிற அழுத்தம்) பார். நாலாவது மட்டும் குறைஞ்சிருந்தா பிஸ்டனில ரிங் இருக்கிற வரம்பு உடைஞ்சிருக்கலாம். 92 பெற்றோல் அடிச்சு, பூஸ்ட்டையும் (ரேர்போ திணிக்கிற காத்தழுத்தம்) கூட்டி ஓடினா, பெற்றோல் தானா வெடிச்சுத் தட்டித் தட்டி அதுதான் நடக்கும். 95 கட்டாயம். சிவிக்குக்கும் 95தான், ஆனா அது 92 அடிச்சாத் தானே பிளக் பொறி அடிக்கிற நேரத்தப் பின்னுக்கு இழுத்துச் சோம்பலாகிரும், உடையிறது குறைவு.

இன்னொண்டு, காய்ஞ்ச தார்த் தரையில ஸ்டீயரிங்க முழுசா முறிச்சு மெல்லமா ஒரு வட்டம் அடி. கார் பிடிச்சுப் பிடிச்சுத் துள்ளினா நடு டிஃப் (நாலு சில்லும் இழுக்கிற சுபாருவில முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கிறது) போயிட்டு. பெரும்பாலும் நாலு ரயரும் ஒரே அளவா தேயாம ஓடினதாலதான். ஒரு ரயர் பக்கவாட்டில வெடிச்சா நாலையும் வாங்க வேண்டி வரும், அதையும் கணக்கில வை. கியர் மாத்தேக்க 'ச்சூ' எண்டு சத்தம் போடுதா? வெளிய காத்து விடுற வால்வு பூட்டியிருக்கு. இளந்தாரிமாருக்கு அது சங்கீதம், எஞ்சினுக்கு ஒரு பிரயோசனமுமில்ல.

சிவிக்குக்கு செயின், பெல்ட் கவலை இல்ல. காலமை எஞ்சின் ஆறியிருக்கேக்க போ. பொனட்டத் தொட்டா சூடெண்டா நாளைக்கு வாறன் எண்டு திரும்பி வந்திரு. ஸ்டார்ட் பண்ணின உடன 'கடகட' எண்டு செயின் சத்தம் வந்தா டென்ஷனர் போயிட்டு. ஆறாயிரத்தில சத்தம் மாறாட்டி விடெக் (உயர்ந்த சுற்றில வால்வைக் கூடத் திறக்கிற ஹொண்டா ஏற்பாடு) பிடிக்கேல்ல. அநேகமா ஒயில் குறைவு, இல்லாட்டி விடெக்குக்கு ஒயில் திறந்து விடுற சொலனோய்டுக்க இருக்கிற சின்ன வலை அடைச்சிருக்கும். ஒயில் குறைஞ்சு நெடுக ஓடியிருந்தா கேம் (வால்வைத் திறக்கிற தண்டு) தேஞ்சிருக்கும், அதுக்குத்தான் காசு. உயர்ந்த சுற்றில ரெண்டிலிருந்து மூண்டுக்குப் போட்டுப் பார். அரைச்சா சிங்க்ரோ (கியர் இலகுவா விழ உதவுற வளையம்) முடிஞ்சுது.

மாரியில கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால தண்ணி பாயேக்க ரெண்டையும் இறக்காத. சிவிக்கில பம்பருக்குக் கீழ எயார் ஃபில்டரக் கொண்டுபோய்ப் பூட்டியிருந்தா முழங்கால் தண்ணியே எஞ்சினுக்குள்ள போயிரும். பழையபடி மேல ஏத்து. எங்கட உப்புக் காத்துக்கு சுபாருவில பின் சில்லு வளைவுகள விரலால தடவிப் பார், பெயின்ற் பொங்கியிருந்தா உள்ளுக்கு இரும்பு இல்ல.

சுபாரு நாலு கதவு, டிக்கியும் தாராளம். சிவிக்கில பக்கத்துக்கு ஒரு கதவுதான், அம்மா பின்னுக்கு ஏற ஏலா. ஆனா உன்ர வீட்டில வேகன்-ஆர் நிக்குதுதானே. அதால நான் சொல்றது சிவிக். சுபாரு வேகம், மறுக்கேல்ல, ஆனா முந்தின ஆள் பூஸ்ட்டக் கூட்டாம வச்சிருந்தாரா எண்டதக் கண்டுபிடிக்கிறதே பெரிய பாடு.

முற்பணம் குடுக்க முதல் ரெண்டு எஞ்சின் நம்பரையும் வாகனப் புத்தகத்தோட ஒப்பிட்டுப் பார்த்து எழுது.

அன்புடன்,
உன்ர மச்சான்