பயிற்சியாளர் டோனி பென்னட்டுக்கும் அவருக்குத் தோள்கொடுத்தவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர் டோனி பென்னட் அவர்களுக்கும், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆடவர் கூடைப்பந்து அணிக்காகப் பதினைந்து பருவங்கள் அவருடன் உழைத்த அனைவருக்கும் வணக்கம்.

2024 அக்டோபர் 18 அன்று, புதிய பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில், நீங்கள் கண்கலங்கி விடைபெற்றதைப் பார்த்தேன். அன்று நீங்கள் பலருக்கும் நன்றி சொன்னீர்கள். உங்கள் தந்தை டிக் பென்னட் வகுத்து, நீங்கள் அணிக்கு அடித்தளமாக வைத்த ஐந்து பண்புகளான பணிவு, ஈடுபாடு, ஒற்றுமை, தொண்டு, நன்றியறிதல் ஆகியவற்றுள் கடைசியானதை எங்கள் தரப்பிலிருந்து நிறைவேற்றவே இந்த மடலை எழுதுகிறேன்.

ஆய்வு மாணவனாக, பல்கலைக்கழகம் இருக்கும் சார்லட்ஸ்வில்லுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், கூடைப்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பந்து கூடைக்குள் விழுந்தால் புள்ளி என்பது மட்டுமே. உங்கள் அணி நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணிகளில் ஒன்று என்றும், ஐம்பது சொச்சம் புள்ளிகளிலேயே ஆட்டம் முடிந்துவிடும் என்றும் பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். எனக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் தோன்றியது. ஜான் பால் ஜோன்ஸ் அரங்கின் மேல் வரிசையில் என் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர்தான், என் முழங்கையை மெல்லத் தொட்டு, பந்தைப் பார்க்காதே, பந்து இல்லாத நால்வரின் கால்களைப் பார் என்றார். அதன் பிறகுதான் உங்கள் தந்தை உருவாக்கிய அந்தத் தடுப்பாட்டம் எனக்குப் புலப்பட்டது. பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்கி நிற்க, மற்ற நால்வரும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டுக்குள் ஒடுங்கி நிற்பார்கள். எதிராளி உள்ளே நுழையப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர் அடைத்துவிட்டு, பந்து வெளியே போனதும் ஓடிப்போய்த் தன் ஆளைப் பிடிப்பார். கபடியில் சங்கிலி பிடித்து நிற்பவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, தன் தோழனை நம்பித் தன் இடத்தை விட்டு நகர்வது எவ்வளவு கடினம் என்பது சட்டென்று விளங்கியது. அன்றிலிருந்து எனக்கு அந்த ஆட்டம் ஒருபோதும் மெதுவாகத் தோன்றவில்லை.

2018 மார்ச் 16ஆம் நாளை இந்த மடலில் தவிர்க்க முடியாது. அமெரிக்கக் கல்லூரி அணிகளின் தேசியப் போட்டித்தொடரில் ஒட்டுமொத்த முதலிட அணியாக, 31 வெற்றி 2 தோல்வி என்ற கணக்குடன் சார்லட் நகருக்குச் சென்ற உங்கள் அணி, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி அணியிடம் 74-54 என்று தோற்றது. அதற்கு முன் ஆடவர் தொடரில் பதினாறாம் தரநிலை அணிகள், அதாவது ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாகத் தரவரிசைப்படுத்தப்பட்டவை, முதல் தரநிலை அணிகளுடன் 135 முறை மோதி ஒருமுறைகூட வென்றதில்லை. உங்கள் வீரர் டீஆண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு முறிந்து ஆட முடியாமல் இருந்தார் என்பதைக் காரணமாகச் சொல்லியிருக்கலாம். நீங்களோ செய்தியாளர் சந்திப்பில் உங்கள் வீரர்கள் கைல் கையையும் டை ஜெரோமையும் இருபுறமும் அமர்த்திக்கொண்டு, வென்ற அணியைப் பாராட்டி, ஒவ்வொரு கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொன்னீர்கள். அந்த இரண்டு இளைஞர்களின் முகத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. பேச முடியாத நிலையில் இருந்த அவர்களைத் தனியே விடாமல் நடுவில் நீங்கள் அமர்ந்திருந்ததற்காக, வேறு எதற்கும் முன்னால், உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டின் கதை எல்லோரும் அறிந்தது. அதே தொடரின் முதல் சுற்றிலேயே 14 புள்ளிகள் பின்தங்கியபோது, பழைய காயம் மறுபடி திறந்துகொண்டதோ என்று நடுங்கினோம். அதிலிருந்து மீண்டு வந்தீர்கள். பர்டியூ அணிக்கு எதிராக, தவறிய தண்ட எறிதலில் (எதிரணியின் விதிமீறலுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பில்) மமாடி டியாகிட்டே தட்டிவிட்ட பந்தைப் பின்களம் வரை துரத்திப் பிடித்த கிஹெய் கிளார்க், தானே எறிந்துவிடாமல், தூரத்தில் நின்ற டியாகிட்டேவுக்கே அதை அனுப்பினார். அவர் எறிந்த பந்து ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்குக் கொண்டு சென்றது. நீங்கள் ஆண்டுக்கணக்காகக் கற்றுக்கொடுத்தது அந்த ஒற்றை வீச்சில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். அரையிறுதியில் ஆபர்ன் அணிக்கு எதிராக 0.6 நொடி மீதமிருக்க, கைல் கை மூன்று தண்ட எறிதல்களையும் கூடைக்குள் போட்டார், 63-62. ஏப்ரல் 8 அன்று மினியாபொலிஸ் நகரில் டெக்சஸ் டெக் அணியைக் கூடுதல் நேரத்தில் 85-77 என்று வென்று, பல்கலைக்கழகத்தின் முதல் ஆடவர் கூடைப்பந்துத் தேசியப் பட்டத்தைப் பெற்றுத் தந்தீர்கள்.

2009இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து உங்களை அழைத்துவந்த அன்றைய விளையாட்டுத்துறை இயக்குநர் கிரேக் லிட்டில்பேஜ் அவர்களுக்கு நன்றி. ஜேசன் வில்லிஃபோர்டு, ரான் சான்செஸ் உள்ளிட்ட துணைப் பயிற்சியாளர்களுக்கும், பெயர் வெளியே தெரியாத உடற்பயிற்சி, மருத்துவ, பராமரிப்புப் பணியாளர்களுக்கும் நன்றி. பட்டம் வென்ற ஆண்டில், பெரிய ஊதிய உயர்வு தேடிவந்தபோது அதை வேண்டாமென்று சொல்லி, உடன் பணியாற்றியவர்களின் ஊதியத்தைக் கவனிக்கும்படி கேட்டுக்கொண்ட நீங்களும், உங்களோடு சேர்ந்து வீரர்களின் வாழ்க்கைத்தொழில் வளர்ச்சிக்காக 5 லட்சம் டாலர் வழங்கிய உங்கள் துணைவியார் லாரல் அவர்களும் செய்ததை இந்த ஊர் மறக்காது. உங்கள் வீரர் மால்கம் பிராக்டன் அணிக்கு ஆடிக்கொண்டே பொதுக்கொள்கையில் முதுகலைப் பட்டமும் பெற்றுச் சென்றார் என்பது, மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு, இங்கே நீங்கள் பெற்ற 364 வெற்றிகளுக்கு நிகரான செய்தி.

நீங்கள் விலகிய விதம் எங்களில் பலருக்கு வலித்தது. கோடையில்தான் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டிருந்தது, வீரர்கள் உங்களை நம்பி வந்திருந்தார்கள். ஆயினும், கல்லூரி வீரர்கள் பணம் ஈட்டவும் எளிதாக அணி மாறவும் வழி திறந்துவிட்ட காலத்தில், வீரர்களுக்கு வருமானம் கிடைப்பது சரியே என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, இன்றைய சூழலில் இந்த அணியை நடத்தத் தகுந்தவர் இனி நான் அல்ல என்று அரங்கம் அறிய ஒப்புக்கொண்டீர்கள். மனம் ஒட்டாமல் இன்னும் சில ஆண்டுகள் பதவியில் நீடிப்பதைவிட அது அந்த இளைஞர்களுக்குச் செய்த நேர்மை என்று நான் கருதுகிறேன்.

கடைசியாக, என் பக்கத்து இருக்கைப் பெரியவருக்கும் அவருடைய மனைவிக்கும். 2019 இறுதி ஆட்டத்தன்று, ஊரில் உறவென்று யாரும் இல்லாத என்னை வீட்டுக்கு அழைத்துச் சோறிட்டீர்கள். 12.9 நொடி இருக்கையில் ஹன்டரின் மூன்று புள்ளி எறிதல் ஆட்டத்தைச் சமன் செய்தபோது, அந்த வீட்டு அம்மா என் கையைப் பற்றிய பிடியில் அவருடைய மோதிரத்தின் தடம் என் விரலில் நெடுநேரம் பதிந்திருந்தது. உங்கள் இருவருக்கும் என் வணக்கமும் நன்றியும்.

இப்படிக்கு,
வர்ஜீனியா பல்கலைக்கழக முன்னாள் மாணவன்